ஒற்றிக் காணியில் நின்ற வாழை

வாழையில் கத்தி இறங்கும் சத்தம் மற்ற மரங்களில் எழும் சத்தத்தைப் போன்றதல்ல. பூவரசையோ முருங்கையையோ தறித்தால் மரம் எதிர்ப்பது காதுக்குக் கேட்கும். வாழையோ நனைந்த சீலையைக் கல்லில் ஓங்கி அடித்தாற்போல ஒரு சத்தத்தோடு கத்தியை உள்ளே விட்டுவிடும், பிறகு வெட்டிலிருந்து நீர் சொட்டும், கொஞ்ச நேரம் எதுவும் நடவாததுபோல் அப்படியே நிற்கும், அதன் பிறகுதான் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிய மெல்லச் சாயும். சிறுவயதில் ஒரு காலைப்பொழுது முழுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இன்றைக்கும் கோயில் வாசலில் கட்டுவதற்காக யாராவது வாழை வெட்டினால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

அண்மையில் என் மகள் அபி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். மாணவர் அறியவேண்டிய அடிப்படை நிதிச் சொற்கள் என்று மேலே அச்சடித்திருந்தது. முதல், வட்டி, சேமிப்பு, தவணை, பிணை, அடைவு, முதலீடு என்று சொற்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, வீட்டிலிருந்து ஓர் உதாரணமும் எழுதவேண்டுமாம். நான் தையல் மெசினில் இருந்தேன். "அம்மா, அடைவு எண்டதுக்கு எங்கடை வீட்டிலை உதாரணம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். "ரீச்சரிட்டைக் கேள்" என்று சொல்லிவிட்டு மெசினை வேகமாக மிதித்தேன். நான் ஆட்களோடு அதிகம் கதைக்கிறவள் அல்ல. பெற்ற மகளிடம்கூடச் சில கதைகள் வாய்வரை வந்து திரும்பிப் போய்விடும். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அந்தத் தாளில் இருந்த சொற்களில் பாதியை அதற்கு முன்பே படித்திருந்தேன். எங்கள் வீட்டில் அவற்றை யாரும் சொல்லித் தரவில்லை. ஓங்கிய கையோடுதான் அவை வீட்டுக்குள் வந்தன.

எங்கள் ஊர் நீர்வேலி. அப்பாவை நாங்கள் ஐயா என்போம், அவர் தோட்டக்காரர், வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். அவர் செய்த தோட்டம் அவருடையதல்ல, அம்மாவின் சீதனம். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து என் அக்கா வசந்திக்குப் போகவேண்டியது. வீட்டில் எல்லாரும் அதை "வசந்தியின்ரை தோட்டம்" என்றே சொல்வார்கள். அக்கா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்காலில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போதே அது தன்னுடைய மண் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டம் அம்மாவின் தமையனாருடையது, எங்கள் மாமா. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே பங்குக் கிணறு. மாமாவின் மகன் குகனை நாங்கள் அத்தான் என்று கூப்பிடுவோம். அக்காவை அவருக்குத்தான் கட்டிக்கொடுப்பது என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. ஆகவே ஒரு காலத்தில் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் வேலிகூட இருக்கவில்லை.

ஐயாவுக்கு வெளிநாட்டு ஆசை பிடித்தது அந்த நாள்களில்தான். கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரன் ஆட்களை அனுப்புகிறான் என்று கேள்விப்பட்டு, அவனுக்குக் கட்டுவதற்காக அம்மாவின் தோட்டத்தை மாமாவிடமே "ஒற்றி" வைத்தார். ஒற்றி என்றால் வட்டி கிடையாது. காசைத் தருகிறவர் காணியைத் தன் கைக்கு எடுத்து, தானே பயிர் செய்து, விளைவதைத் தானே எடுத்துக்கொள்வார். வாங்கிய முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணி திரும்பி வரும். நடுப் பயிரில் மட்டும் மீட்கமுடியாது. நட்டவன் அறுவடை செய்த பிறகுதான் மற்றவன் காசோடு வரலாம். பிறத்தியாரென்றால் நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதி, இன்ன மாதம் மீட்பது என்றும் போட்டுக்கொள்வார்கள். அண்ணன் தங்கைக்குள் அதெல்லாம் எதற்கு? மாமா எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எங்களுக்குள்ளை என்ன எழுத்துக் கிடக்கு தங்கச்சி? பயிர் முடியக் காசைத் தா, காணியை எடு."

எல்லாரும் தலையாட்டினார்கள். என்ன பயிர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மண்ணில் வெங்காயத்தையும் புகையிலையையும் தவிர வேறெதையும் யாரும் கண்டதில்லை. இரண்டும் முடிகிற பயிர்கள்.

ஏஜென்சிக்காரன் காசோடு மறைந்துவிட்டான். ஐயா கொழும்பில் ஒரு லொட்ஜில் பலகாலம் காத்துக்கிடந்து, கன்னம் ஒட்டித் திரும்பி வந்தார். மறுநாள் கறியில் உப்புக் குறைவு என்று அம்மாவின் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் அவர் அம்மாவைத் தொட்டு அடித்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு பார்க்காத கிழமை அரிது. ஏஜென்சிக்காரனை எட்டமுடியாத கை எட்டுகிற இடத்திலெல்லாம் விழுந்தது. அம்மா அழமாட்டா. அடுப்படியில் போய்த் தேங்காய் திருவத் தொடங்குவா, திருவலையில் சிரட்டை உராயும் சத்தம் அன்றைக்கு மட்டும் பெரிதாகக் கேட்கும்.

ஐயா ஆட்களின் தோட்டங்களில் கூலிக்குக் கொத்தினார். அம்மா எங்களுக்குத் தெரியாமல், ஐயாவுக்கும் தெரியாமல், சீட்டுப் போட்டா. அக்காவின் சங்கிலி அடகு வைக்க அடைவுகடைக்குப் போனது. தோட்டத்தை மீட்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்பு இல்லை, ஏனென்றால் அது மீளாவிட்டால் அக்காவுக்குக் கொடுக்க ஒரு பிடி மண்ணும் இல்லை. அம்மா அவசரப்பட்டுச் சீட்டை ஏலத்தில் முன்னதாகவே எடுத்தா. முன்னதாக எடுக்கிறவர்கள் மற்றவர்களுக்காக விட்டுக்கொடுக்கும் தொகையைக் "கழிவு" என்பார்கள். அம்மா விட்ட கழிவைக் கேட்டதும் ஐயா புட்டுக் கோப்பையைத் தூக்கி எறிந்தார். அது அம்மாவின் தோளில் பட்டுச் சுவரில் உடைந்தது. "என்ரை வேர்வையை ஊராக்களுக்குக் கழிச்சுக் குடுத்திட்டு வந்து நிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். அக்கா குறுக்கே விழுந்து அந்த மிதியை வாங்கினாள். நான் கதவு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அபியின் தாளில் கழிவு என்ற சொல் இல்லை. இருந்திருந்தால் நான் வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

அந்த நாள்களில் வானத்திலிருந்தும் அடி விழுந்தது. யுத்தகாலம் அது, பொம்பர் விமானம் இரையும்போது எல்லாரும் பங்கருக்குள் இறங்குவோம். மண் உதிர உதிர, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஐயாவும் அம்மாவும் கழிவைப் பற்றித்தான் அங்கேயும் சண்டைபிடித்தார்கள். குண்டு எங்கேயோ விழுந்து நிலம் அதிர்ந்தால் கொஞ்சம் நிறுத்துவார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இதற்கிடையில் மாமா அந்தத் தோட்டத்தில் இதரை வாழை வைத்துவிட்டார். வெங்காயத்துக்கு விலையில்லை, அதனால் வைத்தேன் என்றார். அது பொய்யென்று சொல்லமாட்டேன். அந்த முறை பலபேருடைய வெங்காயம் வீட்டுக்குள்ளேயே அழுகியது. ஆனால் ஐயா கடைசியில் முதலைச் சேர்த்துக்கொண்டு போனபோது வாழை பொத்தி தள்ளி, பூவோடு நின்றது. "குலை வெட்டி முடியட்டும் மச்சான், பிறகு கொண்டாரும்" என்றார் மாமா. அது நியாயம், ஐயாவும் ஒத்துக்கொண்டு திரும்பி வந்தார். குலைகளெல்லாம் வெட்டிச் சந்தைக்குப் போன பிறகு மறுபடி போனார். அப்போது ஒவ்வொரு மரத்தின் அடியிலும் குட்டிகள் இடுப்பளவுக்கு வந்து நின்றன.

"குட்டி நிக்குதே மச்சான்" என்றார் மாமா.

"அப்ப இது எப்ப முடியிறது?"

"வாழை என்ன வெங்காயமே, பிடுங்கினவுடனை முடியிறதுக்கு? அது தன்ரை பாட்டிலை வந்துகொண்டிருக்கும். உமக்கேன் அவதி? எப்பிடியும் வசந்தியோடை குகனுக்குத்தானே வரப்போகுது."

ஐயா வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாழைக்கு முடிவில்லை என்பது தோட்டக்காரனாகிய அவருக்குத் தெரியாததல்ல. பயிர் முடிய என்ற பேச்சுக்குத் தலையாட்டியபோது அது ஒருவருக்கும் நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். அக்காவைக் குகன் அத்தானுக்குக் கொடுக்க அவருக்கு மறுப்பில்லை. ஆனால் தோட்டத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுக்கவேண்டும், மாமன் கையில் கிடக்கிறதையே சீதனம் என்று காட்டமுடியாது என்பார். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

"என்னண்ணை, பொம்பிளை வீட்டிலை, சீதனம் மாப்பிளை வீட்டிலையாம்?"

"உவர் சீதனத்தை முற்பணமாக் கட்டிப்போட்டார், மிச்சம் தவணையிலை."

அக்காவுக்கும் அந்தப் பேச்சு எட்டியது. அவள் கிணற்றடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். குகன் அத்தான் எங்கள் வீட்டு வேலிப்பக்கம் நின்று ஏதாவது கேட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஒரு சனிக்கிழமை, அம்மா மண்ணெண்ணெய்க்காகச் சங்கக்கடை வரிசையில் நிற்கப் போன பிறகு, ஐயா கொடுவாக்கத்தியை வீட்டுக் கிணற்றுக் கல்லில் தீட்டத் தொடங்கினார். தீட்டி முடித்துப் பெருவிரலால் வாயைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு சொப்பிங் பையைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் வாங்கோ."

"எங்கை ஐயா?" என்றாள் அக்கா.

"தோட்டத்துக்கு. சாட்சிக்கு ஆள் வேணும்."

கிணற்றடிப் பக்க வரிசையிலிருந்து தொடங்கினார். நான் முதலில் சொன்ன அந்தச் சத்தம். ஒன்று சாய்வதற்குள் அடுத்ததில் கத்தி இறங்கிவிடும். பொத்தி தள்ளியவை, பிஞ்சுக் குலையோடு நின்றவை, முட்டுக்கொடுத்து நிறுத்தியவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. முட்டுத் தடிகள் முறிந்து தெறித்தன. குட்டிகளை அவர் நின்றுகூட வெட்டவில்லை, நடந்தபடியே சீவிக்கொண்டு போனார். கயர் என்கிற வாழைச்சாறு அவருடைய பெனியனிலும் முகத்திலும் வடிந்து, வெயிலில் மண்ணிறமாக மாறியது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது அன்று எனக்குத் தெரியவில்லை, மறுநாள்தான் பார்த்தேன். "ஐயா, காணும் ஐயா, நிப்பாட்டுங்கோ" என்று ஒருமுறை சொன்னாள். அவர் திரும்பவில்லை.

சத்தம் கேட்டு மாமா ஓடிவந்தார். சாரத்தைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. தோட்டத்தின் நடுவில் வந்ததும், விழுந்துகிடந்த குலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உமக்கென்ன விசரோ? வயித்திலை அடிச்சுப்போட்டீரே."

ஐயா கடைசி வரிசையை முடித்தார். முடித்துவிட்டுக் கத்தியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தூர எறிந்தார். மடியிலிருந்து பையை எடுத்து, காசுக் கட்டை வெளியே எடுத்து, வலது கையை நீட்டினார். மூச்சு வாங்கியது, ஆனால் குரல் அமைதியாக இருந்தது.

"பயிர் முடிஞ்சுது மச்சான். காசை எண்ணி எடும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் கோபத்தில் வெட்டவில்லை என்று. தலையாட்டி ஒத்துக்கொண்ட பேச்சுப்படிதான் நடந்தார். பயிர் நிற்கும்வரை மீட்கமுடியாதென்றால் பயிர் நிற்கக்கூடாது. மாமாவுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். அவர் ஐயா நீட்டிய கையைப் பார்த்தார், ஒரு அடி முன்னால்கூட வைத்தார் என்று அக்கா பின்னாளில் சொல்வாள். அந்த நேரத்தில்தான் குகன் அத்தான் வந்தார்.

அந்த வாழைக்குத் தண்ணீர் விட்டவர் அவர். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மெசின் இயங்காத காலத்தில், துலாவில் அள்ளி அள்ளி, உள்ளங்கைத் தோல் உரிந்து, அந்த வரிசைகளை உயிரோடு வைத்திருந்தார். கையில் குலை வெட்டும் கத்தி இருந்தது. அழுதுகொண்டுதான் ஓடிவந்தார். ஐயாவின் நீட்டிய கையில் கத்தி விழுந்தது.

அந்தச் சத்தமும் ஏறக்குறைய வாழையில் விழுந்த சத்தம்போலவே இருந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் வாழைத்தடல்களுக்கு மேல் விழுந்தன. காசுத்தாள்கள் பரவி, சில இரத்தத்திலும் சில வாய்க்காலிலும் கிடந்தன. ஐயா கத்தவில்லை, தன் கையைப் பார்த்தபடி, மிதித்த மண்ணில் மெதுவாகக் குந்தினார். கத்தியது மாமா. மகனுடைய பிடரியில் அடித்து, அடித்து, தரையில் தள்ளி, "என்ன செய்தனி, என்ன செய்தனி" என்று உதைத்துக்கொண்டேயிருந்தார். குகன் அத்தான் தடுக்கவேயில்லை.

அக்காதான் ஓடிப்போய் ஐயாவின் தோளிலிருந்த சால்வையைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். "சின்னவள், காசைப் பொறுக்கு" என்று எனக்குச் சத்தம் போட்டாள். அந்த நேரத்தில் அது என்ன பேச்சு என்று ஆட்கள் நினைக்கலாம். அந்தக் காசுக்காக நாங்கள் எத்தனை மிதி வாங்கியிருந்தோம் என்று அவளுக்குத் தெரியும். நான் முழங்காலில் நின்று பொறுக்கினேன், வாய்க்காலுக்குள் கைவிட்டுத் துழாவினேன். ஐயாவைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே காயத்தைத் தைத்தார்கள். விரல்களை ஒட்டமுடியாது என்றார்கள்.

அம்மா மண்ணெண்ணெய்க் கானோடு வந்தபோது நான் நனைந்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். நடந்ததை நான்தான் சொன்னேன். கானைக் கீழே வைத்தா. என் மடியிலிருந்த காசை அப்படியே சேலைத்தலைப்பில் அள்ளிக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தா, நான் பின்னால் ஓடினேன். மாமா சுவரில் சாய்ந்து இருந்தார். அம்மா அவருடைய மடியில் அந்த ஈரக் காசைக் கொட்டினா.

"எண்ணு அண்ணை."

"தங்கச்சி, இப்ப உதுவே கதை?"

"எண்ணு."

அவர் எண்ணினார். ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பிரிக்கும்போது அவருடைய விரல்களிலும் இரத்தம் பட்டது. எண்ணி முடித்துத் தாள்களை மடியிலேயே அடுக்கி வைத்தார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமிதான் சொன்னா, "ஒரு தாள் குறையுது" என்று. அது வாய்க்காலோடு போயிருக்கவேண்டும்.

அம்மா காதில் கை வைத்தா. தோட்டின் பின்பக்கத்துச் சுரையைக் கழற்றப் பார்த்தா. விரலெல்லாம் ஈரமும் பிசுபிசுப்பும், அது வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. மூன்றாம் முறை அவ கழற்றவில்லை, இழுத்தா. காதுச் சோணை கிழிந்து தோடு கையோடு வந்தது. அதை அந்தத் தாள்களின் மேல் வைத்துவிட்டு, "இப்ப சரியோ? காணி என்ரை பிள்ளையின்ரை" என்றா. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். மாமி தோட்டை எடுத்து உள்ளே கொண்டுபோனா. அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தா. ஒழுங்கை நெடுகத் தோளில் இரத்தம் சொட்டியது.

தோட்டம் திரும்பி வந்தது, ஆனால் வாழை முடியவில்லை. நாலைந்து நாளில் வெட்டிய அடிகளின் நடுவிலிருந்து பச்சைக் குருத்துகள் சுருள் சுருளாக எழும்பின. ஆசுபத்திரியிலிருந்து வந்த ஐயா அதைப் பார்த்தார். ஒரு குருத்து நின்றாலும் மாமன் பயிர் நிற்கிறது என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவரை விடவில்லை. அலவாங்கை இடது கையால் பிடித்து, கட்டுப்போட்ட கையின் முழங்கையால் அழுத்தி, ஒவ்வொரு கிழங்காகக் கிண்டத் தொடங்கினார். கட்டுத்துணியில் இரத்தம் ஊறியது. அக்கா அவரிடமிருந்து அலவாங்கைப் பறித்தாள். பிறகு அவள் கிண்டினாள், அம்மா மண்வெட்டியால் கொத்தினா, நான் கிழங்குகளை இழுத்துப்போட்டேன். நாங்கள் முடித்தபோது அந்தச் செம்மண் முழுவதும் குழி குழியாக, செல்குண்டு விழுந்த இடம்போல் கிடந்தது. அன்று ஐயா போட்டிருந்த பெனியனை அம்மா பலமுறை தோய்த்தா. இரத்தம் சவர்க்காரத்துக்குப் போய்விட்டது, கயர் போகவில்லை.

அதற்குப் பிறகு ஐயா அம்மாவை அடிக்கவில்லை. திருந்தினார் என்று சொல்லமாட்டேன். ஓங்கினால் விரலில்லாத அந்தக் கை அவருக்கே தெரியும், அதனால்தான் என்று நினைக்கிறேன். குகன் அத்தான் அன்றே தென்மராட்சியில் உறவினர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறெங்கோ போய், கடைசியில் வெளிநாடு போய்விட்டார். அக்காவின் கலியாணப் பேச்சு அதோடு முடிந்தது. வேறு இடங்களிலிருந்து வந்த பேச்சுகளும் கேட்டு விசாரித்துவிட்டு நின்றுபோயின. வெட்டுக்கொத்து நடந்த வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்?

பல வருடம் கழித்து அக்காவுக்குப் பிரான்சிலிருந்து ஒரு மாப்பிள்ளை பொருந்தியது. படத்தைப் பார்த்துச் சரி சொன்னார்கள். சீதனம் காசாக வேண்டும் என்றார்கள். "காணி எங்களுக்கென்னத்துக்கு? அங்கை கொண்டுபோகேலுமே?" என்று மாப்பிள்ளையின் தாயார் சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அம்மா அவவுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

தோட்டத்தை "அறுதி"யாக விற்கவேண்டி வந்தது. ஒற்றி மீளும், அறுதி மீளாது. பூர்வீகக் காணியை விற்பதென்றால் முதலில் உரித்துக்காரரிடம் கேட்பதுதான் எங்கள் பக்க வழக்கம். அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாருக்கு. உரித்துக்காரர் என்று இருந்தது மாமா ஒருவர்தான். குகன் அத்தான் அனுப்பிய காசில் அவர் வாங்கினார். சீதனக் காணியென்றாலும் புருசனும் ஒப்பமிடவேண்டும் என்று நொத்தாரிசு சொன்னார். ஐயாவுக்குப் பேனை பிடிக்க வராது. மைப்பெட்டியைத் திறந்து, அவருடைய இடது பெருவிரலைப் பிடித்து அழுத்தி எடுத்தார்கள். யாருக்கு எதிராக அந்த வாழையை வெட்டினாரோ அவருடைய பெயருக்கு நேரே அந்தப் பெருவிரல் அடையாளம் விழுந்தது. ஐயா பெருவிரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

மாமா மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். "தங்கச்சி, இது உன்ரை" என்றார். அம்மா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டா. மற்றத் தோட்டை இடப்பெயர்வில் அரிசிக்கு விற்றுவிட்டோம். மாமா திருப்பித் தந்த ஒற்றைத் தோட்டை அம்மா கடைசிவரை போடவில்லை. போடுவதற்கு அந்தக் காதில் இடமும் இல்லை. அம்மாவுக்குப் பிறகு அது என்னிடம் வந்தது.

இன்று அந்தத் தோட்டத்தைச் சுற்றி முட்கம்பி அடித்திருக்கிறது. உள்ளே பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. பங்குக் கிணற்றில் தண்ணீர் முறைக்குச் சண்டைபிடிக்க ஒருவரும் இல்லை. துலா விழுந்து, அதைத் தாங்கிய ஆடுகால் மட்டும் நிற்கிறது. ஐயாவும் அம்மாவும் மாமாவும் போய்விட்டார்கள். ஒற்றி என்ற சொல் அபியின் தாளில் இல்லை. அவளுடைய ரீச்சருக்கும் தெரியாதாம்.

அபியின் ரியூசன் காசு மூன்று மாதமாகக் கட்டாமல் நின்றது. ஆகவே சென்ற கிழமை அந்தத் தோட்டை அடைவு வைக்க எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். உதாரணம் பார்க்கவேண்டும் என்று அபியும் கூட வந்தாள். குளிரூட்டி போட்டிருந்தார்கள், இலக்கத் துண்டு தந்தார்கள், கதிரையில் இருக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பிள்ளை மிகவும் தன்மையாகக் கதைத்தாள். தோட்டை உரைத்துப் பார்த்தாள், தராசில் வைத்தாள்.

"மற்றது எங்கை அன்ரி? சோடியா வைச்சா வசதியெல்லே."

"இது ஒண்டுதான் பிள்ளை" என்றேன்.

"துலைஞ்சிட்டுதோ?"

நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவளும் வற்புறுத்தாமல், வட்டி எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள் மீட்கவேண்டும், மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். அந்த இடத்தில் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னலோரம் இருந்த அபி, "அது அம்மம்மான்ரை தோடுதானே அம்மா? ஏன் ஒண்டு மட்டும்?" என்று கேட்டாள். அன்று மெசினும் இல்லை, மிதித்துக் கேட்காததுபோல் இருப்பதற்கு. கோப்பாய்ச் சந்தி தாண்டும்போது கதையைத் தொடங்கினேன். நீர்வேலியில் இறங்கி எங்கள் ஒழுங்கைக்குள் நடக்கும்போதுதான் கதையில் மாமா வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். சுரை வழுக்கியதையும் பிறகு நடந்ததையும் சொன்னேன். அபி, பள்ளிக்கூடத் தாளை மடித்து வைத்திருந்த கையை எடுத்து, தன் காதுச் சோணையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வீட்டுப் படலை வரும்வரை அப்படியே நடந்து வந்தாள்.